எண்ணெய் குடித்த துணி

என் மனைவி கமலேஸ்வரி ஈட்டி எறிவாள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நான் சிரித்து, சண்டை பிடித்து, வெட்கப்பட்டு எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். எறிவதோடு நின்றாலும் பரவாயில்லை. ஈட்டியை எறிகிற கட்டையையும் தன் கையாலேயே செதுக்குவாள். ஒஸ்லோவின் குரோருட்டில் மற்ற வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் கேக் அடிப்பதும் சட்டை தைப்பதுமாக இருக்க, என் வீட்டில் மட்டும் கற்காலம் நடந்துகொண்டிருந்தது.

அவளைப் பற்றி எழுதித் தரும்படி மகள் தர்மிகா கேட்டாள். அம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதுங்கள் என்றாள். நாலு வரியில் முடிகிற சங்கதி இல்லை இது. அவளைப் பற்றி உள்ளபடி எழுதினால், இரண்டாயிரத்தாறாம் ஆண்டு ஒக்டோபரில் நான் பொலிசுக்குச் சொன்ன ஒரு பொய்யையும் எழுதத்தான் வேண்டும். அந்தப் பொய்யால் ஒரு தகப்பன் தன் பிள்ளையைக் காணாமல் இருந்தான்.

முதலில் கட்டையைச் சொல்லிவிடுகிறேன். முழங்கையிலிருந்து விரல் நுனி வரையுள்ள நீளத்தைவிடச் சற்றுக் கூடுதலான மரத்துண்டு. ஒரு முனையில் கைப்பிடி, மறுமுனையில் சின்னக் கொக்கி. ஈட்டியின் பின்பக்கத்தில் ஒரு குழி இருக்கும். கொக்கியை அந்தக் குழியில் பொருத்திக் கையை வீசினால், கைக்கு இன்னொரு முழம் முளைத்தது மாதிரி. ஆள் உயர ஈட்டி வளைந்து நிமிர்ந்து பறக்கும். வில் வருவதற்கு முன்னர் மனிதர் இதைக் கொண்டுதான் வேட்டையாடினார்களாம். நோர்வேக்காரர் ‘ஸ்பிட்காஸ்தர்’ என்பார்கள். கமலேஸ்வரி எறிகட்டை என்று பெயர் வைத்துவிட்டாள்.

அவள் திருகோணமலைப் பக்கம், சாம்பல்தீவு. எண்பத்தெட்டில் என்னைக் கட்டிக்கொண்டு நேரே நோர்வேயின் வடக்கு முனையிலுள்ள பாட்ஸ்பியோர்ட்டுக்கு வந்து இறங்கினாள். நான் அங்கே மீன் தொழிற்சாலையில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். அவளை வெட்டுமேசையில் விட்டார்கள். ஒன்பது வருடம் நின்றாள். கையில் கத்தியைக் கொடுத்தால் மீனின் முள் எங்கே திரும்புகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். பிறகு நாங்கள் ஒஸ்லோவுக்கு வந்தோம். நான் பஸ் ஓட்டப் போனேன், அவள் முதியோர் இல்லம் ஒன்றில் சலவைப் பகுதியில் சேர்ந்தாள். அந்தக் கத்தி மட்டும் குசினி லாச்சிக்குள் சும்மா கிடந்தது.

இரண்டாயிரத்து மூன்றில் தர்மிகாவின் பள்ளிக்கூடத்தில் ஒரு கற்கால நாள் வைத்தார்கள். ஏரிக்கரையில் பெற்றோரையும் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு எறி எறியச் சொன்னார்கள். நோர்வேத் தகப்பன்மார் எறிந்த ஈட்டியெல்லாம் அவர்களின் காலடியிலேயே விழுந்தது. நான் எறிந்தது எனக்குப் பின்னால் விழுந்தது. கமலேஸ்வரி கைப்பையை என்னிடம் தந்துவிட்டுப் போய், ஒருமுறை கட்டையை உள்ளங்கையில் நிறுத்துப் பார்த்தாள். எறிந்தாள். வைக்கோல் மூட்டையைத் தாண்டிப் போய் ஈட்டி புல்லில் குத்தி நின்று ஆடியது. அன்று பின்னேரம் அந்தப் பழைய கத்தியும் ஒரு ஹாசல் மரக்கொப்புமாகக் குசினி மேசையில் இருந்தாள். சோறு நான்தான் போட்டேன்.

அதற்குப் பிறகு விட்டதே இல்லை. கொப்பை வெட்டி மூன்று மாதம் காயவிடுவாள். பட்டையை உரித்து, மரத்தின் ஓட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே செதுக்குவாள். பாட்ஸ்பியோர்ட்டிலிருந்து கொண்டுவந்த கலைமான் கொம்பில் கொக்கி அராவுவாள். செய்து முடித்ததை ஒற்றை விரலில் வைத்து நிறுத்திப் பார்த்து, மணிக்கட்டு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் மூன்று மாத வேலையையும் முழங்காலில் வைத்து முறித்து எறிவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விற்கவும் மாட்டாள், கொடுக்கவும் மாட்டாள். என்னத்துக்கடியப்பா இது என்று கேட்டால், “சும்மா” என்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டோரத்து வெளியில் அவள் எறிய, ஆள் வந்தால் எச்சரிக்க நான் கழுத்தில் விசிலோடு நிற்பேன்.

எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே நிலவறை. ஒவ்வொரு வீட்டுக்கும் அங்கே கம்பி வலை அடித்த ஒரு சாமான் அறை உண்டு. எங்கள் அறை அவளுடைய பட்டறையாகிவிட்டது. அந்த நிலவறையில் இன்னொரு ஆளும் இருப்பான். கீழ்மாடியில் தனியே இருந்த சந்திரகுமார். இரவில் டாக்ஸி ஓட்டுவான். மனைவி ராசமலர் பிரிந்து மகளோடு ஸ்ட்ரோம்மன் பக்கம் போய்விட்டாள். மகள் தக்சிலாவுக்கு அப்போது ஏழு வயது. ஒரு சனி விட்டு ஒரு சனி தகப்பனிடம் வருவாள். மற்ற நாட்களில் அவன் நிலவறையில் ஒரு உடைந்த கதிரையைப் போட்டுக்கொண்டு சிகரெட் பிடிப்பான். அங்கே பிடிக்கக்கூடாது என்று கதவில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது.

எனக்கும் அவனுக்கும் ஆகாது. ஒரு கல்யாண வீட்டில், மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் என்னைக் காட்டி, “ஈட்டிக்காரியின்ர மாப்பிள்ளை வாறார், வழி விடுங்கோ” என்றான். முழு மண்டபமும் சிரித்தது. கமலேஸ்வரியும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இரண்டு வருடம் அதை வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தேன்.

அந்த ஒக்டோபர் வரை அவள் கட்டைகளுக்கு நல்லெண்ணெய்தான் பூசி வந்தாள். நல்லெண்ணெய் பூசினால் கட்டை பிசுபிசுக்கும், காலப்போக்கில் ஊசல் மணமும் வரும். பெயின்ற் கடைக்காரன் ஆளி விதை எண்ணெய் பூசச் சொல்லி ஒரு தகர டின்னைக் கொடுத்தான். அது மரத்தில் ஊறிக் காய்ந்து கண்ணாடி மாதிரி இறுகும். அவளுக்குச் சந்தோசம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, இருந்த பதினேழு கட்டைகளுக்கும் பூசினாள். பூசிய துணி நான் உடுத்துக் கழித்த பழைய சாரம்.

இப்போது கவனியுங்கள். எங்கள் ஆட்கள் எண்ணெய் குடித்த துணியை எறிவார்களா? சாமி விளக்குத் துடைக்கிற துணியை என் தாயும் எறிந்ததில்லை, அவளின் தாயும் எறிந்ததில்லை. சுருட்டி ஒரு டின்னுக்குள் வைத்தால் அடுத்த முறைக்குப் பாதி எண்ணெய் மிச்சம். கமலேஸ்வரியும் அதைத்தான் செய்தாள். சாரத்தை இறுக்கிச் சுருட்டி, மரச்சீவல் நிறைந்த கடதாசிப் பெட்டிக்குள் பத்திரமாகச் செருகி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஐந்து மணிக்கு நான் பஸ்ஸை விட்டுவிட்டு வந்தபோது எங்கள் வாசலில் மூன்று தீயணைப்பு வண்டிகள் நின்றன. நிலவறை யன்னல்களால் கறுத்த புகை வந்துகொண்டிருந்தது. படிக்கட்டு முழுக்கப் புகை. நாங்கள் இருந்தது மூன்றாம் மாடி. மேலே பார்த்தேன். பதினைந்து வயது தர்மிகா பல்கனியில் ஈரத் துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஏணியை நிமிர்த்தி, ஒரு வீரர் ஏறி, அவளை இறக்கி என் கையில் தந்தார். அவளுடைய தலைமயிர் முழுக்கப் புகை மணம். அவளைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் அழுதேன். நான் அழுததை அவள் அதற்கு முன்னர் கண்டதில்லை.

ஒருவருக்கும் உயிராபத்து இல்லை. நிலவறையில் மூன்று சாமான் அறைகள் எரிந்து சாம்பல். எங்களுடையது நடுவில் இருந்தது.

அடுத்த நாள் இரண்டு பொலிஸ்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு ஆண், ஒரு பெண். கமலேஸ்வரி வேலைக்குப் போய்விட்டாள், நான் தனியே இருந்தேன். எங்கள் அறைக்குள் கருகிக் கிடந்த நீட்டுத் தடிகள் என்ன என்று அந்தப் பெண் கேட்டாள். ஈட்டி என்றேன். ஏன் ஈட்டி என்றாள். என் மனைவியின் பொழுதுபோக்கு என்றேன். அவள் மற்றவரின் முகத்தைப் பார்த்தாள். நிலவறை நிறைய ஆயுதம் செய்து வைத்திருந்த இலங்கைக்காரி என்று பேப்பரில் வரப்போகிறது, அவளின் வேலை போகப்போகிறது, வீட்டை விட்டும் எழுப்பப்போகிறார்கள் என்று ஒரு நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் நினைத்து முடித்துவிட்டேன்.

அப்போதுதான் அந்தப் பொலிஸ்காரி, நேற்று நிலவறையில் யாரையாவது கண்டீர்களா என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை நான் நிலவறைக்கே இறங்கவில்லை. திங்கட்கிழமை காலை இறங்கினேன். அன்று சந்திரகுமார் கதிரையில் இருந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். நான் பொலிசுக்குச் சொன்னது இது: நேற்று, வேலைக்குப் போவதற்கு முன்னர், சந்திரகுமார் அங்கே சிகரெட் பிடித்ததைக் கண்டேன். ஒரே ஒரு நாளைத்தான் தள்ளி வைத்தேன். பயத்தில் சொன்னேன். பயத்தில் மட்டும்தான் சொன்னேன் என்று எழுதினால் அதுவும் பொய். அவனுடைய பெயரைச் சொன்னபோது நாக்குக்கு ஒரு ருசியும் இருந்தது. அவள் எழுதிக்கொண்டாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

சந்திரகுமாரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கதிரைக்குக் கீழே அவனுடைய சிகரெட் அடிக்கட்டைகள் கிடந்தன. செவ்வாய்க்கிழமை பகல் முழுக்க வீட்டில் தூங்கினேன் என்றான். தனியே தூங்கினவனுக்கு யார் சாட்சி? வெளியே விட்டார்கள், ஆனால் சந்தேகம் அவன் மேலேயே நின்றது. ராசமலர் ஒரு வழக்கறிஞரைக் கொண்டு கடிதம் அனுப்பினாள். விசாரணை முடியும் வரை பிள்ளையை அனுப்ப முடியாது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

முதல் சனிக்கிழமை தக்சிலா வரவில்லை. அவன் வாசலில் நின்றான். வரமாட்டாள் என்று தெரிந்துகொண்டே நின்றான். நான் பல்கனியிலிருந்து கண்டுவிட்டு உள்ளே வந்து திரையை இழுத்துவிட்டேன். இரண்டு கிழமை கழித்து வந்த சனியிலும் நின்றான். கமலேஸ்வரி ஒரு பெட்டியில் சோறும் கறியும் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, அந்தப் பிள்ளையை நினைக்க நெஞ்சு அடைக்குது என்றாள். அவனுக்கு இது வேண்டும் என்று நான் கத்தினேன். சிகரெட்டை வெளியில் நின்று பிடித்திருந்தால் என் பிள்ளை புகைக்குள் நின்றிருப்பாளா என்று கத்தினேன். கத்தக் கத்த எனக்கே அது உண்மை போலத் தோன்றியது. அவன் கொளுத்தியதால்தானே எரிந்தது? திங்களோ செவ்வாயோ, பிடித்தவன் அவன்தானே? அப்படித்தான் மூன்று கிழமை நித்திரை கொண்டேன்.

பிறகு அவள் புது டின் வாங்கி வந்தாள். பதினேழும் எரிந்த பிறகு மறுபடி ஒரு கொப்பைச் செதுக்கத் தொடங்கியிருந்தாள். டின் குசினி மேசையில் இருந்தது. தர்மிகா பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டே அதைத் திருப்பி, பின்பக்கத்துச் சின்ன எழுத்தைச் சும்மா வாசித்தாள். வாசித்துவிட்டு ஜாம் கத்தியை வைத்துவிட்டாள்.

“அம்மா, இதில செல்வன்தென்னெல்ச எண்டு போட்டிருக்கு. இந்த எண்ணெய் பட்ட துணி தானாவே பத்துமாம். தண்ணியில நனைச்சுத்தான் எறியோணுமாம். நீங்கள் அண்டைக்குத் துணியை என்ன செய்தனீங்கள்?”

கமலேஸ்வரி டின்னை வாங்கி, தானும் ஒருமுறை எழுத்துக்கூட்டி வாசித்தாள். முகம் வெளுத்துவிட்டது.

நான் குறுக்கே விழுந்தேன். கொம்பனிக்காரன் தன்னைக் காப்பாற்ற ஆயிரம் எழுதுவான், நெருப்பில்லாமல் துணி எரிகிற பேய்க்கதையை என்னிடம் சொல்லாதேயுங்கள், இந்தக் குளிர் நாட்டில் அடுப்பே பற்றமாட்டேன் என்கிறது என்றேன். என் சத்தம் எனக்கே கூடுதலாகக் கேட்டது. அவள் என்னோடு வாதாடவில்லை. மீன் தொழிற்சாலையிலும் அப்படித்தான். ஒன்று சந்தேகமென்றால் வெட்டிப் பார்ப்பாள்.

“ஞாயித்துக்கிழமை செய்து பாப்பம். பத்தேல்லையெண்டால் நான் வாயே திறக்கமாட்டன். பத்தினால் நான் போய்ச் சொல்லுவன்.”

ஞாயிறு தர்மிகாவைத் தோழி வீட்டுக்கு அனுப்பினோம். நான் பல்கனியில் வைப்போம் என்றேன். அங்கே குளிர், சூடு ஏறாது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்தது. நிலவறைக்குள்ளே சுடுதண்ணிக் குழாய் ஓடினது, அந்த வெக்கை வேண்டும் என்று குளியலறைக்குக் கொண்டுபோனாள். எங்கள் குளியலறைத் தரைக்கு அடியில் சூட்டுக் கம்பி போட்டிருக்கிறது. நோர்வேயில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். என்னுடைய இன்னொரு சாரத்தைக் கிழித்து, அன்று ஊற்றிய அளவுக்கே எண்ணெய் ஊற்றி, அன்று சுருட்டியது போலவே சுருட்டி, சீவல் நிறைத்த கடதாசிப் பெட்டிக்குள் செருகினாள். பெட்டியைக் கோயில் பொங்கலுக்கு எடுக்கிற பெரிய கிடாரத்துக்குள் இறக்கினாள். பக்கத்தில் மூடியும் இரண்டு வாளி தண்ணீரும் வைத்தாள். நேரம் பதினொன்று.

குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நடையில் இரண்டு கதிரை போட்டு இருந்தோம். பன்னிரண்டு ஆனது. ஒன்றுமில்லை. ஒரு மணிக்குச் சோறு சாப்பிட்டோம், கதிரையிலேயே இருந்து. ஒன்றுமில்லை. எனக்குக் கொஞ்சம் உசார் வந்தது. பார்த்தீரா என்றேன். இன்னும் நேரம் இருக்கு என்றாள். சுவரில் இருந்த மணிக்கூட்டின் சத்தம் அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது.

இரண்டு மணிக்குத் தேத்தண்ணி போட அவள் குசினிக்கு எழும்பினாள். எனக்கு மூத்திரம் வருகிறது என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

கிடாரத்துக்குள் குனிந்து சீவலுக்குள் கையை விட்டேன். துணி சூடாக இருந்தது. தரையின் சூடு இல்லை அது. தரை இளம்சூடு. துணியின் நடுவில், காய்ச்சல் கடுமையான பிள்ளையின் வயிறு போலக் கொதித்தது. கையை எடுத்தேன். மறுபடி வைத்தேன். இன்னும் சூடு.

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. சந்திரகுமார் ஒன்றும் செய்யவில்லை. என் சாரம் எரிந்தது. நான் கையெழுத்துப் போட்ட கடதாசி அவனுடைய பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கிறது. இவள் போய் உண்மையைச் சொன்னால், பொலிஸ் அந்தக் கடதாசியை மறுபடி எடுக்கும்.

துணியை வெளியே எடுத்து விரித்தேன். உதறி உதறி விரித்தேன். காற்றுப் பட்டதும் சூடு போவது கையிலேயே தெரிந்தது. பிறகு தளர்வாக மடித்துச் சீவலுக்கு மேலே வைத்துவிட்டு, கக்கூசில் தண்ணீரை இழுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு சூடும் இல்லை, பச்சைத் தண்ணி மாதிரிக் கிடக்கு என்று அவளிடம் சொன்னேன்.

அவள் இரண்டு கோப்பையையும் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். குனிந்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு துணியை எடுத்து, முன்னர் போலவே இறுக்கிச் சுருட்டி, சீவலுக்கு அடியில் செருகினாள். என் பக்கம் திரும்பவே இல்லை. கதிரையை இழுத்துக் கிடாரத்துக்குப் பக்கத்தில் போட்டு அங்கேயே இருந்துவிட்டாள். நான் நடையில், அவள் உள்ளே. தேத்தண்ணி ஆறிப்போனது. நான் துணியைக் கலைத்தது தட்டுப்பட்டதாக அவள் காட்டிக்கொள்ளவில்லை, அதனால் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். அதே நேரம் துணி பற்றவே கூடாது என்று முருகனிலிருந்து பிள்ளையார் வரை ஒருவரையும் விடாமல் கும்பிட்டேன்.

ஐந்து மணிக்குக் கிட்ட முதலில் மணம் வந்தது. வறுத்த ஆளி விதையும் கருகின பழந்துணியும் கலந்த மணம். பிறகு கிடாரத்தின் விளிம்பால் நூல் போல ஒரு புகை. அவள் அசையவில்லை. புகை தடித்தது. நடையில் இருந்த புகை மணி அலறத் தொடங்கியது. அப்போதுதான் ஒரு சின்னச் சிவப்பு, சீவலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. அவள் அதைக் கண்ணால் கண்ட பிறகுதான் வாளியைத் தூக்கி ஊற்றினாள். இரண்டு வாளியையும் ஊற்றினாள். நான் கதிரையில் ஏறி மணியை நிற்பாட்டினேன்.

கிடாரத்துக்குப் பக்கத்தில் ஈரத் தரையில் இருந்துகொண்டு அழுதாள். என்ர பிள்ளையை நானே புகைக்குள்ளை நிப்பாட்டிப்போட்டன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவளின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒருவருக்கும் தெரியாது, இது இந்த வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், வீடு போய்விடும், வேலை போய்விடும் என்றேன். மன்றாடினேன் என்றே சொல்ல வேண்டும். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

“அந்த மனுசன்ர பிள்ளை மூண்டு கிழமையா வரேல்லை. நான் நாளைக்குப் போறன். நீங்கள் வந்தால் வாங்கோ.”

போனோம். நான்தான் காரை ஓட்டினேன். கருகின சாரத்தை ஒரு பையிலும் டின்னை இன்னொரு பையிலும் கொண்டுபோய்ப் பொலிஸ் மேசையில் வைத்து, தன்னுடைய உடைந்த நோர்வேஜியனில், துணியை வைத்தது நான், பிழை என்னுடையது என்று சொன்னாள். அங்கிருந்தவர் பையைத் திறந்து மணந்து பார்த்தார். கோடையில் பலகைக்கு எண்ணெய் பூசுகிறவர்கள் இதே பிழையை விடுவார்கள், இது விபத்து என்றார். அவ்வளவுதான். வீடு போகவில்லை, வேலையும் போகவில்லை. எரிந்த சாமான்களைக் காப்புறுதி பார்த்துக்கொண்டது. குடியிருப்புச் சங்கத்தின் கூட்டத்தில் அவள் எழும்பி நின்று எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டாள். பனிச்சறுக்குக் கட்டைகளை இழந்த ஒரு கிழவர் மட்டும் குளிர்காலம் முடியும் வரை அவளுக்கு வணக்கம் சொல்லவில்லை.

நான் பயந்த ஒன்றும் நடக்கவில்லை. என் வாக்குமூலத்தைப் பற்றியும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததை நானாகச் சொல்லவும் இல்லை. பொலிஸ் மேசைக்கு முன்னால் அவளுக்குப் பக்கத்தில் நின்றபோது இரண்டு தடவை வாய் வரை வந்தது. இரண்டு தடவையும் விழுங்கினேன்.

நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை தக்சிலா வந்தாள். அடுத்த நாள் அவளைத் திரும்ப அனுப்பிவிட்டுச் சந்திரகுமார் எங்கள் கதவைத் தட்டினான். சவரம் செய்து, நல்ல சட்டை போட்டிருந்தான். உள்ளே வரச் சொன்னோம். வாசலோடேயே நின்றான். கமலேஸ்வரி தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தாள். மன்னித்துக்கொள் என்று தொடங்கினாள். அவன் கையைக் காட்டி நிற்பாட்டினான். நீங்கள் வேணுமென்று செய்யவில்லை, போய்ச் சொல்லாமல் விட்டிருந்தால் என் பிள்ளையை நான் இன்னும் கண்டிருக்கமாட்டேன் என்றான். அவளுக்குக் கண் கலங்கியது. பிறகு அவன் சட்டைப் பைக்குள்ளிருந்து மடித்த ஒரு கடதாசியை எடுத்தான். அவனுடைய வழக்கறிஞர் பொலிசிடமிருந்து எடுத்துக் கொடுத்தது.

“அண்ணை, இதில நீங்கள் என்னைச் செவ்வாய்க்கிழமை கண்டதெண்டு கிடக்கு. செவ்வாய்க்கிழமை நான் கீழை இறங்கேல்லை.”

அவனுடைய குரலில் சண்டை இல்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. நான் வாயைத் திறக்க முன்னர் கமலேஸ்வரி கதைத்தாள்.

“இவர் பொய் சொல்லுற ஆளில்லை, சந்திரகுமார். பயத்தில நாள் மாறியிருக்கும். என்னங்கோ, நாள்தானே மாறிப்போச்சு?”

அவள் வழி விட்டிருந்தாள். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவன் கடதாசியை மடித்து வைத்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போயிருப்பான். அவள் தட்டத்தைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொலிஸ் மேசையில் அந்தப் பையை வைத்த அதே கைகள்.

“மாறேல்லை,” என்றேன். “நான்தான் மாத்திச் சொன்னனான்.”

சந்திரகுமார் கடதாசியை மடித்தான். மடித்ததை இன்னொரு முறை மடித்தான். “ரெண்டு சனிக்கிழமை, அண்ணை,” என்றான். “அவளின்ர எட்டாவது பிறந்தநாளும் அதுக்குள்ளதான் வந்தது.” படியிறங்கிப் போனான். நான் கதவைச் சாத்தாமல் நின்றேன்.

கமலேஸ்வரி தட்டத்தைச் சப்பாத்து அலுமாரிக்கு மேலே வைத்தாள். ஒரு கோப்பை சரிந்து தேத்தண்ணி வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

“அண்டைக்குக் குளியலறையில துணியை விரிச்சுவிட்டதும் எனக்குத் தெரியும்,” என்றாள். “எனக்காகத்தான் செய்தனீங்கள் எண்டு நினைச்சன்.”